மரத்துப்போன கை

ஊசிக்குப் பயந்தவள் ஊசியிலேயே பிழைப்பு நடத்துகிறாள் என்று என் வீட்டுக்காரர் கேலி பேசுவார். அவர் சொல்வதில் தப்பில்லை. செகந்திராபாத் பக்கம் நாச்சாரத்தில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற யூனிட் ஒன்றில் நான் காலர் வைக்கிறவள். காலையிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் மிஷின் ஊசிக்குப் பக்கத்திலேயே என் விரல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தடவை நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியும் இருக்கிறது. அதை நானே பிடுங்கி எறிந்துவிட்டு, துணியில் ரத்தம் பட்டுவிட்டதா என்றுதான் முதலில் பார்த்தேன். அந்த ஊசி எங்கே இருக்கிறது, எப்போது இறங்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்தவர் கையில் இருக்கிற ஊசியைக் கண்டால்தான் பயம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. விருதுநகரில் நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருஷம், எங்கள் தெருவில் ஒருவருக்குக் காய்ச்சலுக்கு இடுப்பில் ஊசி போட்டார்கள். காய்ச்சல் போய்விட்டது. கூடவே காலும் போய்விட்டது. "நரம்புல குத்திட்டான்" என்று தெருவே பேசியது. அதற்குப் பிறகு அவர் அந்தக் காலை, தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாமானை இழுத்துப் போவதுபோல இழுத்துக்கொண்டு நடந்தார். நரம்பு உடம்பில் எங்கெங்கே ஓடுகிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதனால் எல்லா இடத்திலும் ஓடுகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்கே குத்தினாலும் அறுந்துவிடும் என்றும்.

வலி எனக்கு வலது தோளில். கழுத்து முடிந்து தோள் ஆரம்பிக்கிற இடத்தில், அழுத்தினால் உள்ளே ஒரு கூழாங்கல் இருப்பதுபோல உருளும். குனிந்து காலர் முனையைத் திருப்பித் திருப்பி வருஷக்கணக்காகச் சேர்ந்த வலி. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பிக்கிற குடைச்சல், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது முழங்கை வரைக்கும் இறங்கும். மாத்திரை போட்டால் வயிறு எரிந்தது. தைலம் தேய்த்தால் தேய்க்கிற நேரம் மட்டும் சுகம். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, மசில்தான் என்றார். மசில்தான் என்று அவர் சொன்னது ஆறுதலுக்கு. எலும்பு என்றால் படத்திலாவது தெரியும், படத்தில் தெரியாததை எப்படிக் குணமாக்குவார்கள் என்று நான் அதற்கும் கவலைப்பட்டேன்.

வலியைப் பற்றி எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் இன்னொன்று இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் எழுந்திருக்கும்போது வலது கைக் கட்டைவிரலும் அதை அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போயிருக்கும். உதறினால் சரியாகிவிடும். முதலில் எப்போதாவதுதான் வந்தது. சங்கராந்திக்கு அப்புறம் தினமும். பிறகு கத்தரிக்கோல் பிடித்திருக்கும்போதும் வந்தது. பால் பாக்கெட் ஒரு நாள் கையிலிருந்து நழுவி விழுந்தது. பாக்கெட்டில் ஈரம் என்று சொல்லிச் சமாளித்தேன். எங்கள் சந்தில் மாடி வீட்டிலிருந்த ஒருவர், கை மரக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் வாய் கோணிப் படுத்தவர்தான். அதனால் அந்த வார்த்தையை நான் வாயில் எடுக்கவில்லை. எடுத்தால் வந்துவிடும் என்கிற மாதிரி ஒரு பயம். கை போனால் எனக்கு என்ன மிச்சம்? படிப்பு கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற தமிழும், கடைப் பலகை படிக்கிற அளவுக்குத் தெலுங்கும்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் கைக்குத்தான் தெரியும்.

அக்குபங்சர் ஊசி வைத்தியத்தைப் பற்றி முதலில் சொன்னது பக்கத்து மிஷின்காரி. பழைய நகரத்துக்காரி, உருது பேசுகிறவள், என்னைவிட மூத்தவள், பட்டன் துளை தைக்கிறவள். அவளுக்கு இடுப்புப் பிடிப்பு அந்த வைத்தியத்தில்தான் விட்டதாம். நான் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"கைக்கு டர்ரே ஜி? ச்சீண்டி காட்டே சரீக்கா ரஹ்தா, பஸ்."

எதற்குப் பயப்படுகிறாய், எறும்பு கடிப்பதுபோலத்தான் இருக்கும் என்கிறாள்.

"எத்தனை எறும்பு?" என்று கேட்டேன்.

"பூரா குடும்பம்" என்றாள். வரிசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்று முழுக்கத் தையல் கோணலாகவே வந்தது.

வீட்டில் சொன்னபோது அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். அவர் குடும்பம் செகந்திராபாத்தில் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் ஒரே தட்டில் வரும். ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ.

"ஹவ், போயிட்டு வா. இன்னாத்துக்கு இவ்ளோ யோசிக்கிற?"

"நரம்புல பட்டுட்டா?"

"பட்டா பட்டும். உன் நரம்பு பயந்து அதுவே ஒதுங்கிடும்."

"விளையாடாதீங்க. கை வெளங்காமப் போச்சுன்னா?"

"அப்ப நக்கோ, போவாத. தெனம் ராத்திரி அம்மா அம்மான்னு மொனகு. நான் காதுல பஞ்சு வெச்சுக்கறேன்."

அவர் தொழிற்சாலை ஷிப்டை விட்டு வர முடியாது. அதனால் மகளைக் கூட்டிப்போனேன். அவள் டிகிரி முதல் வருஷம். நான் தமிழில் பேசினால் புரிந்துகொள்வாள், பதில் தெலுங்கில்தான் வரும். போகிற வழியெல்லாம் "டென்ஷன் தீஸ்கோகு மம்மி" என்றாள். டென்ஷன் எடுக்காதே என்று சொன்னால் எடுக்காமல் இருக்க அது என்ன மருந்தா.

தார்நாக்கா பக்கம் ஒரு மாடியில் அந்த க்ளினிக். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். தெலுங்குக்காரம்மா, அதிர்ந்து பேசாதவர். பி.பி. இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் இளகுவதற்கு மாத்திரை சாப்பிடுகிறேனா என்று வரிசையாகக் கேட்டார். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். தோளைக் காட்டினேன். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்றும் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டேன்.

நான் எதையெல்லாம் கேட்கப் பயப்படுகிறேனோ அதையெல்லாம் அவரே சொல்லி ஆறுதல்படுத்தப் பார்த்தார். ஊசி புதிது, உறையை உங்கள் கண் முன்னால் பிரிப்பேன் என்றார். அப்படியென்றால் பழைய ஊசி போடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று ஆயிற்று. மயக்கம் வந்தால் பயப்படாதீர்கள் என்றார். மயக்கம் வருமா என்று அதுவரை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. தோளில் சதையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்துச் சாய்வாகத்தான் குத்துவேன், அடியில் நுரையீரல் இருக்கிறதல்லவா, அந்தப் பக்கமே போகாது என்றார். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது.

"படுகோண்டி அம்மா."

குப்புறப் படுத்தேன். கட்டிலில் முகத்துக்கு ஒரு ஓட்டை வைத்திருந்தார்கள். அதற்குள் முகத்தை நுழைத்தால் தரையில் பதித்த கல்லும், டாக்டரம்மாவின் செருப்பும் தெரிந்தன. வேறொன்றும் தெரியாது. எதைப் பார்க்காமல் இருந்தால் நிம்மதியோ அதைப் பார்க்காமல் இருக்கிறேன் என்று நினைக்கலாம். எனக்கு நேர்மாறு. முதுகில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் உயிர் போயிற்று. டொக் என்று ஒரு தட்டு, சுருக் என்று ஒரு கடி, அப்புறம் உள்ளே ஏதோ ஒன்று அமுங்கினாற்போல ஒரு கனம். தோளில் போட்டார், தோள்பட்டைக்குக் கீழே போட்டார், முன்னங்கையில் போட்டார், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதையில் ஒன்று போட்டார். எறும்புக்காரி சொன்னது பொய் இல்லை. ஆனால் எறும்பு கடித்துவிட்டுப் போய்விடும். இவை அப்படியே நின்றுகொண்டிருந்தன.

"கதலகண்டி" என்றார். அசையாதீர்கள், கொஞ்ச நேரம் இருக்கட்டும், அடுத்த அறையில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். செருப்பு கண்ணைவிட்டு மறைந்தது. மகள் ஓரத்து ஸ்டூலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அசையாதே என்றால் எந்த அளவுக்கு அசையாதே? மூச்சு விட்டால் முதுகு ஏறி இறங்குகிறதே, அது அசைவுதானே? அசைந்தால் ஊசி உள்ளேயே முறிந்துவிடுமா? மிஷினில் துணியை இழுத்தால் ஊசி முறிவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். நான் கல்லாகக் கிடந்தேன். கட்டிலுக்குப் பக்கவாட்டில் இரும்புச் சட்டம் ஒன்று இருந்தது. வலது கையால் அதை எப்போது பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. பிடித்த பிடியை விடவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டைவிரல் காணாமல் போனது. பிறகு அடுத்த விரல். அதற்கடுத்தது. காலையில் வருகிற அதேதான், ஆனால் காலையில் உதறலாம். இப்போது கையில் ஊசி நிற்கிறது, உதற முடியாது. தெருவில் காலை இழுத்துக்கொண்டு போனவர் அந்தத் தரைக் கல்லின்மேல் நடந்து போவதுபோல இருந்தது. குத்திவிட்டார்கள், நரம்பில் குத்திவிட்டார்கள், அவ்வளவுதான் என்று தோன்றியது.

"டாக்டரம்மாவைக் கூப்பிடு" என்றேன். மகள் போய்க் கூப்பிட்டாள். செருப்பு திரும்ப வந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"ஏமைந்தி அம்மா?"

நான் இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிறேன். காய்கறிக்காரனோடு தெலுங்கில் சண்டை போடுவேன், சூப்பர்வைசரோடு தெலுங்கில் வாதாடுவேன். அந்த நேரத்தில் ஒரு தெலுங்கு வார்த்தைகூட வாயில் வரவில்லை. பயத்தில் எல்லாம் கழன்று போய், பிறந்த வீட்டுத் தமிழ் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

"கை மரத்துப் போச்சு" என்றேன். "கை மரத்துப் போச்சுன்னு சொல்லு."

மகள் ஒரு நிமிஷம் யோசித்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் எங்கள் வீட்டுக்குள் புழங்குகிற தமிழ். சாப்பிடு, எந்திரி, விளக்கை அணை, அப்பா வந்தாச்சா. நான் மாதக்கணக்காக வாயில் எடுக்காமல் ஒளித்து வைத்திருந்த வார்த்தை அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் காதில் மரம் மட்டும் விழுந்தது.

"மம்மி செய்யி செட்டு ஐபோயிந்தண்ட" என்றாள். அம்மாவின் கை மரமாகிவிட்டதாம்.

டாக்டரம்மா மெல்லச் சிரித்தார். "பருவுகா உந்தா? மஞ்சிதே" என்றார். கனமாக இருக்கிறதா, நல்லதுதான், ஊசி வேலை செய்கிற அடையாளம் அது, சிலர் கல் மாதிரி என்பார்கள், சிலர் மரக்கட்டை மாதிரி என்பார்கள் என்று சொல்லி, என் முழங்காலுக்குப் பக்கத்தில் கட்டிலை லேசாகத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னது முழுக்க எனக்குப் புரிந்தது. இல்லை, கனமில்லை, என்று சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஓட்டைக்குள் என் எச்சில் ஒரு சொட்டு தரையில் விழுந்ததைப் பார்த்தேன். வாய் கோணுகிறதோ என்று ஒரு பயம் கிளம்பியது. மாடி வீட்டுக்காரருக்கும் வாயிலிருந்து ஒழுகியது.

"ஏ புள்ள" என்றேன். குரல் வந்தது. வாய் கோணவில்லை. "மரம் இல்லடி. கை செத்துப் போச்சு. விரல் எங்க இருக்குன்னே தெரியல. உங்க அப்பா உக்காந்து எந்திரிக்கும்போது கால்ல வருதும்பாரே, அது."

"திம்மிரியா?" என்றாள், மரத்துப்போவதற்கு அவர் சொல்கிற தெலுங்கு வார்த்தையை.

"ஆமா. திம்மிரி. திம்மிரி."

ஸ்டூல் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. அவள் ஓடினாள்.

இந்தத் தடவை டாக்டரம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த ஊசிகளை முதலில் எடுத்தார், பிறகு தோளில் இருந்தவற்றை. இரும்புச் சட்டத்திலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக அவர்தான் பிரித்து எடுத்தார். மணிக்கட்டை இவ்வளவு மடக்கி, இவ்வளவு இறுக்கிப் பிடித்தால் நன்றாக இருக்கிற கையும் மரத்துத்தான் போகும் என்றார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். விரலை மடக்கச் சொன்னார், மடங்கியது. பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். சுண்டுவிரலில் தெரிந்தது. கட்டைவிரலில் பஞ்சு பட்டதைக் கண்ணால்தான் தெரிந்துகொண்டேன்.

நான் போட்ட ஊசி அந்த அளவுக்கு ஆழம் போகாது, என்றவர், என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். இது இன்றைக்குத்தான் வந்ததா, முன்பே உண்டா?

மகள் என்னைப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. தினமும் காலையில் வருகிறது என்றேன், சங்கராந்தியிலிருந்து என்றேன். கத்தரிக்கோலையும் பால் பாக்கெட்டையும் சொன்னேன். தெலுங்கு அதற்குள் திரும்பி வந்திருந்தது.

"எந்துக்கு செப்பலேது மம்மி?" என்று மகள் கேட்டாள். ஏன் சொல்லவில்லை. அதையே வாசல் வரைக்கும், படிக்கட்டு முழுக்க, ஆட்டோவிலும் கேட்டுக்கொண்டு வந்தாள். நான் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், வழியில் விழுந்துவிடுமோ என்கிற மாதிரி.

நரம்பு டெஸ்ட் எடுத்துவிட்டு வந்தால்தான் மேற்கொண்டு ஊசி போடுவேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தோள் வலி மசில் வலிதான், விரல் மரப்பது வேறு கதையாக இருக்கலாம் என்றார். வேறு கதை என்றால் என்ன கதை? அதை நானே விதம்விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எதிலும் முடிவில் கை இல்லை. வீட்டுக்காரர் அன்று கேலி பேசவில்லை. சாப்பிடும்போது, "இன்னாத்துக்கு எங்கிட்ட சொல்லல?" என்று ஒரு தடவை கேட்டார். தட்டை அவரே கழுவினார். அவர் கேலி பேசாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்த டெஸ்டுக்கு ஒரு குளிர்ந்த அறை. நடுவயது மனிதர் ஒருவர் என் கட்டைவிரலின் அடிச் சதையில் ஒயர் ஒட்டினார். மணிக்கட்டில் கரண்ட் கொடுப்பேன், கொஞ்சம் ஷாக் அடிக்கும், விரல் தானாகத் துள்ளும், பயப்படாதீர்கள் என்றார். துள்ளவில்லையென்றால் என்று கேட்க நினைத்தேன். மகளை வெளியே நிறுத்திவிட்டார்கள். நான் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிக் என்று ஒரு சத்தம். மணிக்கட்டில் கொசு கடித்ததுபோல இருந்தது. விரல் அசையவில்லை.

மறுபடியும் டிக். அசையவில்லை.

அந்த மனிதர் திரையைப் பார்த்தபடி ஏதோ ஒரு குமிழைத் திருகினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்கச் சங்கடப்பட்டுத்தான் பார்க்கவில்லை என்று நினைத்தேன். முடிந்தது, காலர் முடிந்தது, இனிமேல் பிசிறு நூல் வெட்டுகிற மேஜைதான், அதற்கும் இந்த விரல்தானே வேண்டும் என்று மனசு ஓடியது. வெளியே நிற்கிற மகளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று யோசித்தேன்.

மூன்றாவது டிக். சுளீர் என்று அடித்தது. கட்டைவிரல் துள்ளியது. நான் சொல்லாமல், நான் அசைக்காமல், தூண்டிலில் மாட்டிய மீன் மாதிரி ஒரு துள்ளு.

"நொப்பியா அம்மா?" என்று கேட்டார். என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து வலி என்று நினைத்துவிட்டார்.

"இங்கோசாரி" என்றேன். இன்னொரு தடவை.

அவர் திரும்பிப் பார்த்தார். இந்த ஷாக்கை யாரும் இன்னொன்று கேட்டு அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. முதலில் குறைவாக வைத்துத்தான் ஏற்றிக்கொண்டு போவோம் என்று அப்புறம் விளக்கினார். அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

மணிக்கட்டில் நரம்பு அமுங்கியிருக்கிறது, அறுந்து போகவில்லை, சதை இன்னும் வற்றவில்லை என்று அந்த ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். படுக்கும்போது மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு பட்டை கொடுத்தார். கை போகாது இல்லையா என்று கேட்டேன். இப்போது வந்துவிட்டீர்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றார். போகாது என்று அவர் சொல்லவில்லை. ஆட்டோவில் வரும்போது மகளிடம் அதைச் சொன்னேன். "அதுவும் சொல்லித் தொலைக்கணுமா அவரு?" என்கிற மாதிரி ஏதோ தெலுங்கில் முணுமுணுத்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

தோள் வலி அப்படியே இருந்தது. அதனால் கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் அந்த மாடிக்குப் போனேன். டாக்டரம்மா ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் படித்துவிட்டு, தோளுக்கு மட்டும் போடுகிறேன், கைப்பக்கம் வேண்டாம் என்றார். குப்புறப் படுக்க மாட்டேன் என்றேன். உட்கார்ந்தால் மயக்கம் வரும் என்றார். கடைசியில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, முன்னால் ஒரு தலையணை போட்டு, வலது கையை விரித்தாற்போல அதன்மேல் வைத்தார். கை என் கண்ணுக்கு நேராக இருந்தது.

டொக் என்றது, சுருக் என்றது. தோளில் அந்தக் கனம் இறங்க ஆரம்பித்தது. பயம் குறையவில்லை, உள்ளங்கை வியர்த்துத் தலையணை உறை நனைந்தது. நான் கட்டைவிரலை ஆட்டினேன். நின்று, மறுபடியும் ஆட்டினேன்.

"கதலகண்டி அம்மா" என்றார் டாக்டரம்மா.

"தோள அசைக்கல மேடம். வெரல மட்டும்" என்று தெலுங்கில் சொன்னேன்.

அவர் என் விரலைப் பார்த்துவிட்டு, ஆட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊசியின் உறையைப் பிரித்தார்.